ப்ரொஃபைலில் ஏறிய ஒரு வரி

எங்கள் கொண்டாப்பூர் அபார்ட்மென்ட்டில் எதிர் வீட்டு ரேவதிக்குப் போன வாரம் வேலை கிடைத்துவிட்டது. இதில் என்ன அதிசயம், இந்தப் பேட்டையில் கல்லை எறிந்தால் ஒரு சாஃப்ட்வேர்காரர் மேல்தானே விழும் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ரேவதி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் உள்ளூர் உருது எட்டிப் பார்க்கும். ஜாவா டெவலப்பர். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி வேலை தேட ஆரம்பித்தாள். நடுவில் விழுந்த அந்த இடைவெளி இருக்கிறதே... அதைப் பார்த்ததுமே ரெக்ரூட்டர்கள் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்தாள்.

காலையில் மகளை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் வேலைவாய்ப்புத் தளத்தில் தன் ப்ரொஃபைலைத் திறப்பாள். ஒரு முற்றுப்புள்ளியை எடுப்பாள். மறுநாள் அதே புள்ளியைத் திரும்ப வைப்பாள்.

“கைக்கு, எதுக்கு இந்த வேலைன்னு பாக்கறீங்களா ஆன்ட்டி? தினம் ஏதாவது மாத்தினாதான், அவங்க தேடறப்ப நம்ம பேரு மேல வரும்.”

எங்கள் காலத்தில் உள்ளே யாரையாவது தெரிந்திருந்தால்தான் வேலை. இவளோ டைனிங் டேபிளில் உட்கார்ந்தபடியே ஊரிலுள்ள அத்தனை கம்பெனி வாசலிலும் போய் நிற்கிறாள்! எனக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது.

ஆனால் போன்தான் வரவில்லை.

பிறகு ஒரு நாள் வந்தது. அடுத்தடுத்து வந்தது. எல்லாரும் கேட்டது மிஷின் லேர்னிங் ஆள். ரேவதிக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. விசாரித்தால் — கணவர் முரளியின் கைங்கரியம்! மனைவி படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், அவளுக்குத் தெரியாமல் ப்ரொஃபைலின் அடியில் மிஷின் லேர்னிங் தெரியும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்.

முரளி திருச்சிக்காரர். தங்கமான மனுஷன். “எல்லாரும் போடுறதுதான் ரேவதி. மொதல்ல உள்ள போயிடு, அப்புறம் வீடியோ பாத்துப் படிச்சுக்கலாம்” என்றார்.

“நக்கோங்க, வேணாம். உள்ள போயி தினம் பயந்துட்டு உக்கார எனக்கு முடியாது.”

ஆனாலும் ஒரு இன்டர்வியூ ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வீடியோவில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் அவர்கள் ஹாலில் இருந்தேன். அறைக்கதவு சரியாகச் சாத்தவில்லை. ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்!

வணக்கம் சொன்ன கையோடு ரேவதி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்: “சார், மிஷின் லேர்னிங் எனக்குத் தெரியாது. என் ப்ரொஃபைலில் அது தவறு, எடுத்துவிடுகிறேன். ஜாவா கேளுங்கள்.”

இத்தனை நாள் காத்திருந்து கிடைத்த முதல் வாய்ப்பு. கணவர் செய்த வேலை என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. பிறகு இன்டர்வியூ எடுத்தவர் ஏதேதோ ஜாவா கேள்விகள் கேட்டார். இவள் படபடவென்று பதில் சொன்னாள். சொல்லி அனுப்புகிறோம் என்று முடித்துவிட்டார்.

அன்றே அந்த வரியை எடுத்தாள். போனும் அன்றோடு ஓய்ந்தது. முரளியின் முகம் தொங்கிப்போயிருந்தது.

போன வாரம் அதே மனிதர் கூப்பிட்டார். வேறொரு டீமில் ஜாவா ஆள் வேண்டுமாம். “தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் தெரியும் என்று சொன்னால் நம்பலாம்” என்றாராம். சொல்லும்போதே ரேவதி அழுதுவிட்டாள். “ஹவ் ஆன்ட்டி, ஆமா, என் ஜாவாக்குதான் குடுத்தாங்க!” எனக்கும் கண் கலங்கியது. இந்தப் பெண்ணின் தைரியம் எனக்கு அந்த வயதில் இருந்திருக்குமா?

நேற்று லிஃப்ட்டில் முரளியைப் பார்த்தேன். கையில் லேப்டாப், முகத்தில் யோசனை.

“என் ப்ரொஃபைலையும் சரிபண்ணச் சொல்லிட்டா ஆன்ட்டி. ரெண்டு வரி எடுத்துட்டேன்.”

“மிச்சம்?”

“மெதுவா எடுக்கணும் ஆன்ட்டி... ஒரேயடியா எடுத்தா போட்டோ மட்டும்தான் மிஞ்சும்!”