இடது என்ற சொல்

என் அக்கா இப்போது மலைப்பாதைக்குப் போவதில்லை. மலைப்பாதையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் நாற்றுப் பண்ணையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். என் கடைக்கு வருகிறவர்கள் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியதும் முதலில் கேட்பது, அக்காவை ஏன் மாற்றினார்கள் என்றுதான். ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அதிகாரியோடு சண்டை என்கிறான் ஒருவன். முட்டி தேய்ந்துவிட்டது என்கிறான் இன்னொருவன். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நடந்ததை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

மலை அடிவாரத்தில், சைக்கிள்காரர்கள் நுழைகிற கேட்டுக்கு எதிரே என் கடை. மலைச் சைக்கிள்களுக்கு பிரேக் பார்ப்பது, வீல் கோட்டம் எடுப்பது, டயர் மாற்றுவது என் பிழைப்பு. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பன்னிரண்டு வருடம் பிஸ்கட் ஆலையில் டப்பா ஒட்டினாள். ஆலையை மூடியதும் மலை அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு மழைக்காலத்தில் பாதை அறுத்துக்கொண்டு போனபோது, யாரும் சொல்லாமலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். பிறகு அவளைக் கீழே இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. மொத்தம் பதினான்கு கிலோமீட்டர் பாதை, அவள் பொறுப்பு. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் அதுவேதான் பாதை.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. சைக்கிள் கடைக்காரனின் அக்கா! சின்ன வயதில் நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி, பாதியில் கையை விட்டேன். அன்று முட்டியைச் சிராய்த்துக்கொண்டவள், அதன் பிறகு சீட்டில் உட்காரவே இல்லை. அந்தக் குற்றம் இன்றும் என் தலையில்தான்.

ஓட்டத் தெரியாததாலோ என்னவோ, அவள் எல்லாவற்றையும் நடந்தே பார்த்தாள். பாதையின் ஒரே துண்டை இரண்டு தடவை நடப்பாள். "ஏறும்போது தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும்டா. இறங்கும்போதுதான் எங்க ஆள் மோதும்னு தெரியும்" என்பாள். பாதைக்குக் குறுக்கே சாய்வாகச் சின்னக் கால்வாய் வெட்டி மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவாள். வளைவுகளில் எதிரே வருபவர் தெரியும்படி புதரை இடுப்பு உயரத்துக்கு வெட்டுவாள். நடப்பவர்கள் குறுக்கே வரும் இடத்துக்கு முன்னால் இரண்டு பெரிய கல்லை உருட்டி வைத்துப் பாதையைக் குறுக்குவாள், சைக்கிள் தானாக மெதுவாகட்டும் என்று. தரையில் டயர் தேய்ந்த தடத்தைப் பார்த்தே, இங்கே பிரேக்கைப் பயந்து பிடித்திருக்கிறான் என்று சொல்வாள். மழை பெய்த மறுநாள் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவாள். சைக்கிள்காரர்கள் என்னிடம் வந்து மூக்கால் அழுவார்கள். "அவகிட்ட என்னால பேச முடியாதுப்பா, பிறந்ததுல இருந்து தோத்துட்டுத்தான் இருக்கேன்" என்று அனுப்பிவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சைக்கிள் கூட்டம் பெருகியது. உரசல்கள், திட்டுகள். நடப்பவர்களை முந்துவதற்கு ஒரு விதி எழுதி வை என்றது அலுவலகம். அக்கா என்ன செய்தாள்? என் கடையில் உட்கார்ந்து நாலு சைக்கிள்காரர்களிடம் கேட்டாள், முந்தும்போது நீங்கள் என்ன கத்துவீர்கள் என்று. நாங்கள் எந்தப் பக்கமாக வருகிறோமோ அதைக் கத்துவோம், இடது பக்கம் வந்தால் இடது, வலது பக்கம் வந்தால் வலது என்றார்கள். அதையே ஒரு பலகையில் தன் கையால் பெயிண்ட் அடித்து எழுதினாள்: "முந்தும் முன் நீங்கள் வரும் பக்கத்தை உரக்கச் சொல்லுங்கள். இடது! வலது!" சைக்கிள் கேட்டில் அதை நட்டாள். நான்தான் குழி தோண்டிக் கொடுத்தேன். அட்சரம் பிசகாமல் எல்லோரும் கடைப்பிடித்தார்கள். உரசல் குறைந்தது. அலுவலகம் அவளைப் பாராட்டி ஒரு கடிதம்கூடக் கொடுத்தது.

நடப்பவர்கள் அந்த கேட் வழியாக வருவதில்லை. அவர்கள் மலையின் அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படிக்கட்டில் ஏறி வருவார்கள். அங்கே பலகை இல்லை. இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். தெரிந்து என்ன? ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் காலை ஏழு மணிக்கு அந்தப் படிக்கட்டில் ஏறுவார். எல்லோரும் கண்டக்டர் என்றே கூப்பிட்டோம். விபத்து நடந்த அன்றும் பாறையை ஒட்டிய குறுகலான துண்டில் வலது ஓரமாக நடந்துகொண்டிருந்தார். வலது பக்கம் பாறைச் சுவர். இடது பக்கம் ஒரு ஆள் போகிற இடம், அதற்கு அப்பால் கல் சரிவு. பின்னால் பேக்கரிக்காரர் சைக்கிளில் இறங்கி வந்தார். விடியற்காலை அடுப்பு வேலை முடித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுகிற மனிதர், நாற்பது வயது, நிதானமானவர். காலியாக இருந்த இடது பக்கமாகப் போகலாம் என்று, பலகையில் எழுதியிருந்தபடியே "இடது!" என்று கத்தினார். கண்டக்டர் இடது பக்கம் நகர்ந்தார். ஹாண்டில் இடுப்பில் இடித்துச் சரிவில் விழுந்தவர், தலையில் கல் பட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து இறந்துபோனார்.

சைக்கிளைப் பரிசோதித்து எழுதிக் கொடுக்கும்படி அலுவலகம் என்னிடம் கேட்டது. இரண்டு பிரேக்கும் சரியாக இருந்தன. டயர் புதிது. சைக்கிளைத் திருப்பி வாங்க வந்த பேக்கரிக்காரர் என் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் கத்தினதும் கையைத் தூக்கிக் காட்டினாருங்க. சரின்னு சொல்ற மாதிரி. சரி, வழி விட்டுட்டாருன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா நேரா என் முன்னாடி வர்றாரு." நான் தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க?

இரண்டு வாரத்தில் விசாரணை அறிக்கை தயாரானது. அதிகாரி கெட்டவர் இல்லை. யாருக்கும் சேதம் இல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முப்பது வருடம் பஸ் இரைச்சலில் நின்ற மனிதர், வயது எழுபது, ஆகவே காது மந்தம். எச்சரிக்கை அவர் காதில் விழவில்லை, எதேச்சையாகக் குறுக்கே வந்துவிட்டார். யார் மேலும் குற்றமில்லை. பேக்கரிக்காரர், பாதைப் பொறுப்பாளர், மெக்கானிக் என மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். "கேட்டிருக்காதுதானே?" என்று அதிகாரி கேட்டபோது பேக்கரிக்காரர் தலையாட்டிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஜெயிலை நினைத்துப் பதினைந்து நாள் தூங்காத மனிதர் அவர். நானும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஒரே ஒரு ஆள் ஒத்துக்கொள்ளவில்லை. கண்டக்டரின் மனைவி. அலுவலக வாசலில் நின்று, "அவருக்குக் காது நல்லா கேட்கும். பக்கத்து வீட்டுல குக்கர் விசில் அடிச்சாக்கூட எத்தனைன்னு எண்ணுவாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எல்லோரும் பாவம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கவனமில்லாத கிழவர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப் போகிறாரா?

அக்கா அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நாள் கையெழுத்துப் போடாமல் இருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மதிய வேளையில் அவளைத் தேடிப் பாதைக்கே போனேன். அதே பாறைத் துண்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பேசாம கையெழுத்து போட்டுட்டு வேலையைப் பாரு" என்றேன். "பேக்கரிக்காரர் தப்பிப்பாரு, நீ தப்பிப்பே, ஆபீஸ் தப்பிக்கும். இதுல உனக்கு என்ன நஷ்டம்?"

"நீ முன்னாடி நட, வர்றேன்" என்றாள்.

திட்டிக்கொண்டே நடந்தேன். வீட்டுக் கடன், அவள் மகள் படிப்பு, இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். திடீரென்று பின்னால் அவள் பெரிய குரலில் கத்தினாள்: "இடது!"

நான் இடது பக்கம் நகர்ந்தேன்.

நின்றுவிட்டேன். அந்தப் பலகைக்குக் குழி தோண்டியவன் நான். மூன்று வருடமாகத் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவன். கடைக்கு வரும் புது ஆட்களுக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுக்கிறவன். ஆனால் நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கால் இடது பக்கம் போனது.

அக்கா கிட்டே வந்தாள்.

"ஓட்டுறவங்களுக்கு அது 'நான் இடது பக்கமா வர்றேன்'. நடக்கிறவங்களுக்கு அது 'நீ இடது பக்கம் போ'. ஓட்டுறவங்ககிட்ட மட்டும் கேட்டு எழுதிட்டேன்டா. நான் சைக்கிள் ஓட்டினதே இல்லை. நடக்கிறவ. நடக்கிறவ காதுல அது எப்படி விழும்னு நான்தானே யோசிச்சிருக்கணும்? பதினாலு கிலோமீட்டர்ல ஒரு கல்லு தப்பா இருந்தா எனக்குத் தெரியும். ஒரு சொல்லு தப்பா இருந்தது தெரியலையே."

அழுதாள். ஆலை மூடியபோதும், கணவர் போனபோதும் என் முன்னால் அழாதவள். நான் அவள் மண்வெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் இருவரும் சேர்ந்து அந்தப் பலகையைப் பிடுங்கிப் போட்டோம்.

மறுநாள் காலை அலுவலகத்தின் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். அறிக்கையைப் படித்துக் காட்டுவதற்காகக் கண்டக்டரின் மனைவியையும் வரவழைத்திருந்தார்கள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி படிக்க ஆரம்பித்தார். காது மந்தம் என்ற இடம் வந்ததும் அந்த அம்மா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார் போல.

அக்கா எழுந்தாள். "சார், அது உண்மை இல்லை" என்றாள்.

"உட்காரும்மா. எல்லாருக்கும் நல்லதுதான் எழுதியிருக்கேன்."

"அவருக்குத் தவிர" என்றாள் அக்கா.

பிறகு மளமளவென்று சொன்னாள். பலகை, கேட், படிக்கட்டு, ஓட்டுகிறவருக்கு ஒரு அர்த்தம் நடக்கிறவருக்கு ஒரு அர்த்தம், எல்லாவற்றையும். எழுதியது நான், நட்டது நான், யோசிக்காமல் விட்டதும் நான் என்றாள். பதவி என்னாகும் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றாள்.

நான் என் பங்குக்கு, நேற்று எனக்கு நடந்ததைச் சொன்னேன். என் கையெழுத்தை அடித்துவிடுங்கள் என்றேன். பேக்கரிக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது.

"கையைத் தூக்கிக் காட்டினாரு சார். நான்தான் பயந்துபோய்த் தலையாட்டிட்டேன். கேட்டுச்சு அவருக்கு."

கண்டக்டரின் மனைவி அக்காவைப் பார்த்தார்.

"அப்ப அவருக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. என்ன காதுல விழுந்துச்சோ அதை அப்படியே செஞ்சாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்லை."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "முப்பது வருஷம் பஸ்ஸுல எல்லாரையும் தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்கன்னு சொல்லித் தொண்டை கட்டினவரு. சொன்னா கேட்காதவங்களோட மல்லுக்கட்டி அலுத்துட்டாரு. அதனாலயே, யாராவது அவரைத் தள்ளி நிக்கச் சொன்னா மறுபேச்சு பேச மாட்டாரு. கையைக் காட்டிட்டுத் தள்ளி நின்னுடுவாரு." சொல்லி முடித்ததும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அதிகாரி பக்கம் திரும்பி, "அதை எழுதுங்க" என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். காது மந்தம் என்ற வரியை அடித்து, மேலே தன் கையால் எழுதினார். அந்த அம்மா படிக்கச் சொன்னார். "நடந்து சென்றவருக்கு எச்சரிக்கை தெளிவாகக் கேட்டது. அதற்கு அவர் உடனே கீழ்ப்படிந்தார்." இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தார். அக்கா குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

நகல் ஒன்றை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா எழுந்தார். கதவுக்குப் பக்கத்தில் அக்காவிடம் நின்றார்.

"உங்க மேல எனக்கு இருக்கிற கோபம் போகாது. போகும்னு எதிர்பார்க்காதீங்க."

"இல்லைம்மா, எதிர்பார்க்கலை" என்றாள் அக்கா. அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.