பொழிச்சலூர்க் கிணற்றில் ஒரு வாய்

இது நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். செவ்வாய்க்கிழமை காலை வாய் கொப்பளிக்கும்போது குழாய்த் தண்ணீரில் இரும்பு வாடை தூக்கியது. “இன்றைக்கு அந்தோணி விஷயமாகப் போன் வரும் பார்” என்று மனைவியிடம் சொன்னேன். பத்து நிமிடத்தில் கோயம்புத்தூரில் இருக்கும் அவர் மகள் ஸ்டெல்லா கூப்பிட்டாள். “மாமா, அப்பா போய்ட்டாரு.” என் வாக்கு பொய்த்ததில்லை. இந்த ஒரு முறையாவது பொய்த்திருக்கக் கூடாதா.

ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த எல்லோருக்கும் அந்தோணியைத் தெரியும். அவர் ஒரு லாரி, நான் ஒரு லாரி. இருபத்திரண்டு வருடம் முன்னும் பின்னுமாக ஓட்டினோம். போர்வெல்லில் குழாய் மாட்டுமுன் ஒரு கை பிடித்துக் குடித்துப் பார்ப்பார். நாக்கு சரியென்றால்தான் லாரி நிரம்பும். கண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் எழுபது கிணற்றுத் தண்ணீருக்கு ஊர்ப்பெயர் சொல்வார். எழுபது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். நாற்பதுக்குக் குறையாது.

மேடவாக்கம் அடுக்குமாடி ஒன்றில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அன்று இரண்டு லாரியையும் நிரப்பியது நான்தான். அவசரத்தில் ருசி பார்க்கவில்லை. வீட்டுக்கார இளைஞர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, “சூப்பர் வாட்டர்ணா, இறக்குங்க” என்றார். அந்தோணி ஒரு வாய் வைத்தார், துப்பினார்.

“இன்னா மச்சான், ஆணி ஊற வச்ச தண்ணியப் புட்சிகினு வந்துகீறே?”

“மீட்டர் நல்லாத்தானே காட்டுதுண்ணா” என்றார் அந்த இளைஞர்.

“மீட்டரா சார் குடிக்கப் போவுது? உன் கொயந்த தானே குடிக்கும்?”

இரண்டு லாரித் தண்ணீரையும் சாலையோர மரங்களுக்குத் திறந்துவிட்டார். ஒரு வாளி மட்டும் எடுத்து வைத்திருந்தோம். மறுநாள் அதன் அடியில் நான்கு விரல் கனத்துக்குத் துரு. வாட்ச்மேன் ஒரு விரல் என்பார், நம்பாதீர்கள்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் சொல்கிறேன். கட்டி கரைந்தது, கூடவே ருசியும் போய்விட்டது. மனைவி இறந்தபின் சேலையூரில் தனியாக இருந்தார். பார்க்கப் போனபோது சொன்னார்:

“நாக்கு செத்துப் பூட்ச்சு மச்சான். காப்பியும் கஞ்சியும் ஒண்ணாத்தான் கீது. பொழிச்சலூர் கெணத்துத் தண்ணி ஒரு பாட்டில் எட்தாயேன். அது ஒண்ணாச்சும் தெரியுமான்னு பார்க்கறேன்.”

நாங்கள் முதல் லாரி நிரப்பிய கிணறு அது. “நாளைக்கே” என்றேன்.

பாட்டிலோடு போனேன். ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, அரை நிமிடம் அப்படியே இருந்தார். “பொழிச்சலூரு” என்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கல்லறைத் தோட்டத்தில் இதை நான் சொன்னபோது அழாதவர் இல்லை. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அது போதும் மாமா” என்றாள்.

இப்போது எந்தத் தண்ணீர் வாய்க்குப் போனாலும் அவர்தான் வருகிறார். கல்யாண வீட்டுப் பாட்டில் தண்ணீர், மோட்டார் போட்டதும் குழாய் துப்பும் வெதுவெதுப்பான முதல் தண்ணீர், மழையில் உதட்டில் விழும் சொட்டு, எதுவானாலும். யாருக்குக் கொடுப்பதற்கு முன்னும் முதல் கை நானே குடித்துப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலோடு போனேன் என்பது நான் கட்டிய கதை. நாளை, நாளை என்று பதினேழு நாள் தள்ளினேன். இரண்டு முறை போன் செய்தும் கேட்டார். அரை மணி நேர வழி. நான் பொழிச்சலூர் போனது அவரைப் புதைத்த மறுநாள். கிணறு இருந்தது, தண்ணீரும் இருந்தது.

ஸ்டெல்லா, உன் அப்பா அதைக் குடிக்கவே இல்லை அம்மா.