நான் அரைத்த கிரீம்

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்க்காக ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் இருக்கும். கிண்டியில் எங்கள் ஆபீஸில் யாரோ ஒரு மெயிலை எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்திருந்தார்கள். கிரீம், லோஷன், ஷாம்பு கெட்டுப்போகாமல் இருக்கப் பாராபென் என்று ஒரு ரசாயனம் சேர்க்கிறார்களாம். இந்த நோய்க்கே அதுதான் காரணமாம். எல்லாம் சிவப்பு எழுத்தில். அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வந்து, அவள் அலமாரியில் இருந்த டப்பாக்களையெல்லாம் வாரிக் குப்பையில் போட்டேன்.

"அந்த வெள்ளை லோஷன்ல பாதிக்கு மேல இருந்துதுங்க," என்றாள்.

"உயிர் முக்கியமா, லோஷன் முக்கியமா?" என்று கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அது அவளுக்குத் தெரியும்.

பாராபென் இல்லாத லோஷனைத் தேடி தாம்பரம் சண்முகம் ரோடு கடைகள் முழுக்க அலைந்தேன். பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நான் நிற்பதைப் பார்த்து ஒரு கடைக்காரர், "இன்னா சார், கிரீம் வாங்க வந்தீங்களா, பரீட்சைக்குப் படிக்க வந்தீங்களா?" என்றார். எடுத்த டப்பாவிலெல்லாம் அந்தப் பெயர். ஒருத்தனும் வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அதுவரை மிக்ஸியை எந்தப் பக்கம் திருகினால் ஓடும் என்றுகூட எனக்குத் தெரியாது. மொட்டைமாடித் தொட்டியில் இருந்த கற்றாழையைச் சீவி, தேங்காயெண்ணெய் விட்டு அரைத்தேன். மூடியைப் பிடிக்க மறந்ததில் பாதி சுவருக்குப் போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மிச்சத்தைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். தினமும் விரலால் எடுத்துக் கையில் பூசிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை சிவந்து, வீங்கி, கொதித்தது. குரோம்பேட்டை டாக்டரம்மாவிடம் ஓடினோம். என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டதும், கையோடு கொண்டுபோயிருந்த பாட்டிலைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். அவர் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடிக்கு அடியில் பச்சையாகப் பூஞ்சணம்.

"சார், ஆபரேஷன்ல அக்குள்ல இருந்த நிணநீர் முடிச்சுகளை எடுத்துட்டதால இந்தக் கைக்கு இனிமே சின்ன இன்ஃபெக்‌ஷன்கூட ஆபத்து. பாராபென்னால கேன்சர் வருதுன்னு யாரும் நிரூபிக்கலை. பயமா இருந்தா அது இல்லாததைத் தேடி வாங்குங்க. ஆனா கிருமி வராம தடுக்க ஏதோ ஒண்ணு அதுல இருந்தே ஆகணும்."

மாத்திரை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம்.

"உனக்கு நாத்தம் தெரியலையா?"

"ஒரு வாரமாவே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் பூசின?"

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல நீங்க எனக்குன்னு உங்க கையால செஞ்சது அது ஒண்ணுதாங்க. எப்படித் தூக்கிப் போடறது?"

எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கை ஆறப் பத்து நாள் ஆயிற்று. பிறகு அதே கடையில் அதே வெள்ளை லோஷனை, லேபிளில் அந்தப் பெயரோடேயே, வாங்கி வந்தேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு, அவள் கையைப் பிடித்து மெதுவாகப் பூசினேன்.

"இது கடையில வாங்கினதுதான்," என்றேன்.

"பூசறது நீங்கதானே," என்றாள்.