அதிகாரி இல்லாத கம்பனி

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, மூன்று நாடுகளில் கிடைத்த வேலையெல்லாம் செய்தவன் நான். கனடாவில், மொன்றியலில் ஒரு வீடியோ கேம் கம்பனியில் விளையாடிப் பார்த்துப் பிழை பிடிக்கும் வேலை கிடைத்தது. அங்கே அதிகாரி என்று ஒருவரும் இல்லை. கூட வேலை செய்பவர்களைப் பற்றி நாங்களே எழுதிக் கொடுப்போம். அதை வெறும் சடங்காகவே நினைத்திருந்தேன்.

பக்கத்து மேசை ஜெயந்தி அக்கா பருத்தித்துறைக்காரி. என்னைவிட இரண்டு மடங்கு பிழை பிடிப்பார். “கெட்டிக்காரி, ஆனால் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை” என்று அவரைப் பற்றி எழுதினேன். புகழ்ச்சி மட்டும் என்றால் நம்பமாட்டார்கள் என்றுதான் அந்த ‘ஆனால்’.

அடுத்த வாரம் அக்கா மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“ஆரக்கா உங்களை வேலையால நிப்பாட்டினது?”

“தனிய ஒருத்தருமில்லையாம், எல்லாருமாம். கூட்டத்தில நான் கதைக்கிறேல்லையாம். பிரெஞ்சில நடக்கிற கூட்டத்தில நான் என்னத்தைக் கதைக்கிறது, தம்பி?”

சண்டை பிடிக்க ஆள் தேடினேன். ஒவ்வொருவரும் “முடிவு என்னுடையதில்லை” என்றார்கள். கம்பனியைத் தொடங்கியவன் சிரித்தபடி, அக்காவைப் பற்றி எல்லோரும் எழுதியிருந்த தாளை நீட்டினான். அதில் என் வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தது.

திரும்பி வந்தபோது அக்கா கேட்டார்: “நீரும் எழுதினனீரோ?”

“ஓம். நல்லாத்தான் எழுதினனான்.”

சிரித்தபடி தாளை நீட்டியவன்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அக்காவிடம் சொன்ன அந்தப் பொய்யை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.