இரண்டு முனையிலிருந்து ஓர் அகராதி

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் செக்கர் வேலை காலி என்றார்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் இங்கிலீஷுக்குப் பொருள் தெரிந்தால் போதுமாம். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், பொருள்தான் வராது. என் கணவர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. அந்த வேலையை விடக்கூடாது என்று பழைய இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்றை வாங்கினேன்.

காசிமேட்டில் பிறந்தவள் வேறெப்படிப் படிப்பாள்? வலை பழுது பார்ப்பதுபோல் ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டே போனேன். பெரிய கிழிசலுக்குத் தாவினால், நடுவில் விட்ட சின்ன ஓட்டையில் மீன் போய்விடும். வார்த்தைகளுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேபிக்குப் பக்கத்தில் பேச்சிலர் குடியிருந்தான். டான்ஸ், பொடுகு, டேஞ்சர் மூன்றும் ஒரே வரிசை வீடுகள்.

அதற்குள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். யார்டு சூப்பர்வைசர் ஒரு பெட்டியில் எஃப்-பில் தொடங்கும் வார்த்தை போட்ட சிவப்பு ஸ்டிக்கரைக் காட்டி, "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார்.

"டேஞ்சர் வரைக்கும் வந்திருக்கேன் சார். எஃப் இன்னும் வரல."

விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த முறை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"ஸ்டிக்கர்ல கீறத மட்டும் பட்ச்சிக்கினு போவேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"நீ வலைய அப்டியா பாப்ப?"

அவர் எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பெரிய வலைய ஒரே ஆளா பாக்கறது? குடு, நான் அந்தாண்ட முனைலேந்து வரேன்" என்று அகராதியின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

அன்றிலிருந்து அவர் பார்த்ததை அவர் எனக்குச் சொல்வார், நான் பார்த்ததை நான் அவருக்குச் சொல்வேன். ஒருநாள் கோபமாக, "பொம்மைக்குப் பக்கத்துல வெசத்த வெச்சிகிறான் பாருமே!" என்று டாய்க்குப் பக்கத்தில் இருந்த டாக்ஸிக்கைக் காட்டினார். நான் எஃப்-புக்கு வந்தபோது முதலில் ஃப்ளேம் என்ற தீ, அடுத்து ஃப்ளமிங்கோ என்ற பூநாரை, அதற்கடுத்து ஃப்ளேமபிள், எளிதில் தீப்பிடிப்பது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்த தண்ணீரில் அந்தப் பறவை நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனசே வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார்கள். அதே சிவப்பு ஸ்டிக்கர்தான். "ஃப்ளேமபிள். சீக்கிரம் தீப்பிடிக்கும் சார்." அடுத்த பெட்டியில் மண்டையோடு போட்ட ஸ்டிக்கர். "டாக்ஸிக். விஷம்."

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லையே! இப்ப எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"எந்தப் பக்கத்துலேந்து கேக்கறீங்க சார்?"

அவர் கொக்கியில் தொங்கிய, யார்டு ஆட்கள் சட்டைக்கு மேல் மாட்டும் பச்சை ஜாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக் காட்டினேன். "அதான் கெலிச்சிட்டியே, பொஸ்தகத்த மூடு" என்றார் கணவர்.

நான் மூடவில்லை. நடுவில் இன்னும் பார்க்காத வலை கிடக்கிறது.