படிக்காத உயிரியலில் பெயில்

இடையில் நின்று பக்கங்களை எடுத்துத் தரும் வேறொரு நாட்டுப் பிரொக்சி சேர்வர் வழியாகக் கேட்டால் என்ன என்ற யோசனை, உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்றுதான் எனக்கு வந்தது. வவுனியாவில் நான் வேலை செய்த நெற்கபேயிலிருந்து முடிவுகளை ஓயாமல் கேட்டதால், பரீட்சை முடிவுத் தளம் எங்களைத் தடுத்திருந்தது. முடிவுகளை எடுக்க நான் எழுதிவைத்திருந்த ஸ்கிரிப்ட்டை, பிரொக்சி வழியாகக் கேட்கும்படி மாற்றினேன். பக்கங்கள் மளமளவென்று வந்தன.

ஒட்டுசுட்டானிலிருந்து தகப்பனோடு வந்த பிள்ளையிடம், "மூண்டு பாடமும் பெயில், தங்கச்சி" என்றேன். தகப்பன் வாசலுக்குப் போனார்.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "அண்ணா, நான் உயிரியல் படிக்கவே இல்லை. பிறகு எப்பிடி அதில பெயில் விட்டனான்?"

பிரொக்சி, அவளுடைய பரீட்சைச் சுட்டெண்ணைக் கவனிக்காமல், முன்னர் யாருக்கோ எடுத்துச் சேமித்த பக்கத்தையே தந்திருந்தது. நானும் கவனிக்கவில்லை. வேறொரு சேர்வர் வழியாகக் கேட்டேன். மூன்றும் பாஸ்.

"அப்பா, இஞ்ச வாங்கோ" என்று அவள் வெளியே ஓடினாள்.

பக்கம் வந்தால் பதில் வந்துவிட்டது என்றே அதுவரை நினைத்திருந்தேன். கேட்ட சுட்டெண் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்தேன். இனி, அவளுக்கு முன் வந்துபோன எல்லோருடைய முடிவையும் திரும்ப எடுத்துப் பார்க்கவேண்டும்.