இரண்டு பேர் விண்ணப்பித்த வகுப்பு

றுக்ஸானாவின் கணவன் ஸஜ்ஜாத் மவுத்தானதிலிருந்து மாத்தளையில் பாதிப் பேருக்கு அவளுடைய படிப்பைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை விதவைப் பெண் வீட்டைவிட்டு இறங்கக்கூடாது. வீட்டோடு இருப்பவளுக்கு வந்தவர் போனவர் எல்லாம் புத்தி சொல்லலாம் போலும்.

மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கும் கடை ஸஜ்ஜாதுடையது. கொழும்புக்காரன் சொல்லும் விலைக்கெல்லாம் தலையாட்டுவதா, இருவருமே வணிகப் பட்டம் படிப்போம் என்று அவன்தான் ஒற்றைக் காலில் நின்றான். கண்டியில் வாரக்கடைசி வகுப்பு. மோட்டார்சைக்கிளில் ஒன்றாகப் போய் வரலாம் என்று சேர்ந்தே விண்ணப்பித்தார்கள். பதில் வருவதற்குள் மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ஒரு லொறி அவனை அடித்துப் போட்டுவிட்டது.

"பிஸ்னஸ்ல படிக்க என்ன இருக்கு? எங்கட ஆம்பிளைகள் படிச்சா செஞ்சாங்க?" என்றார் பல்லேபொலையிலிருந்து வந்த ஹவ்வா சாச்சி. அவளுடைய நானா நப்லான், வீட்டிலிருந்தே கணினியில் படிக்கும் பட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தார். "வெளிய போற வேலையே இல்ல. தங்கச்சிக்கு அதுதான் தோது."

றுக்ஸானா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மனசு மரத்துக் கிடந்தது. அழுகைகூட வரவில்லை, அதற்கும் சிலர் முகம் சுளித்தார்கள். கண்டியோ கணினியோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். நானா சொன்னதற்கே மாறிவிடலாம் என்று இருந்தாள்.

கண்டி வகுப்பிலிருந்து தொலைபேசி வந்தபோது மாமியார் கைறுன்னிஸாவைப் பார்த்தாள். வெளி ஆணாக இருந்தால் பேசலாமா என்ற தயக்கம்.

"தேவைக்குத்தானே. பேசுங்க மகள்," என்றார் அவர்.

வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லி வைத்துவிடத்தான் எடுத்தாள். விரிவுரையாளர் சதீஸ்குமார் பேசினார். "ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் குடுத்திருக்கீங்க. முதல்ல ஸஜ்ஜாத்கூடப் பேசலாமா? பக்கத்துல இருக்காரா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் றுக்ஸானாவிடம் கேட்கவில்லை. வீடு தேடி வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொண்டே வந்தவர்கள். அவள் வாயால் ஒருவருக்கும் சொல்ல நேர்ந்ததில்லை.

"அவங்க மவுத்தாகிட்டாங்க, சேர்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. நெஞ்சு வலித்தது. இத்தனை நாளில் முதல்முறையாக ஏதோ வலித்தது.

"மன்னிச்சிருங்கம்மா. அப்ப உங்க பேரையும் எடுத்துறவா?"

வீட்டிலிருந்தே படித்தால் இனி யாரும் அவனைக் கேட்கமாட்டார்கள். கண்டிக்குப் போனால் ஒவ்வொருவராகக் கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் அவனைக் கேட்காமலே போவது அதைவிடப் பயமாக இருந்தது.

"வேணாம் சேர். வகுப்பு தொடங்க முந்தி இத்தா முடிஞ்சிரும். நான் வாறேன்."

"என்ன மகள் கேட்டாங்க?" என்றார் மாமியார்.

"உங்கட மகன் பக்கத்துல இருக்காரான்னு கேட்டாங்க, மாமி."

கைறுன்னிஸா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். றுக்ஸானா அப்போதுதான் அழுதாள்.